இருபது வாட்

மனித மூளைக்கு இருபது வாட் போதுமாம்.
எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள் எரியும் குண்டு பல்பு
பதினைந்து.
மிச்சமிருக்கும் ஐந்தில்தான்
நான் ஸ்வீடிஷ் படிக்கிறேன்.

மொந்தேவிதேயோவில் ஜூலை. நல்ல குளிர்.
ஆறா கடலா என்று இன்னும் முடிவெடுக்காத தண்ணீர்
ஜன்னல் கண்ணாடியில் உப்பாய்ப் படிகிறது.
பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்குப் பல்செட் செய்துவிட்டு
இரவு ஒன்பதுக்குக்
கைப்பேசி முன் மாணவியாய் உட்காருகிறேன்.
‘ஆந்தை என் செய்தித்தாளை வாசிக்கிறது.’
சொல்லுங்கள், என்கிறது செயலி.
சொல்கிறேன்.
இன்னொரு முறை, என்கிறது.
ஐம்பத்துமூன்று வயதில்
ஓர் ஆந்தைக்காக இவ்வளவு பாடுபட்டவள்
இந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வாரம் அதே கைப்பேசி
மூளையைச் சோதிக்கும் விளையாட்டு ஒன்றை நீட்டியது.
ஓடும் கட்டங்கள், மறையும் எண்கள்.
கடைசியில் வண்ணக் காகிதம் தூவி அறிவித்தது:
உங்கள் மூளையின் வயது அறுபத்தொன்று.

வில்மாரிடம் காட்டினேன்.
மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றியபடியே
“நல்லதுதானே நெலிதா,
உனக்கு முன்னால் அதற்குப் பென்ஷன் வந்துவிடும்” என்றான்.
அவன் ஆடிப் பார்க்கவில்லை.
கடவுச்சொல் மறந்துபோச்சு.

மறந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்பார்களே, கேட்டது:
உங்கள் முதல் வளர்ப்புப் பிராணியின் பெயர்?
நெற்றியைத் தேய்த்தான். கூரையைப் பார்த்தான்.
“கரம்போலா” என்றேன்,
வாயில் பற்பசை நுரையோடு.

அந்த நாயை நான் பார்த்ததே இல்லை.
பைசாந்தூவில் அது லாரியில் அடிபட்டுச் செத்தபோது
நான் வேறு ஊரில், வேறு வகுப்பில்,
வேறு யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.
இருந்தும் அதன் ஒற்றைக் காது
என் தலைக்குள்தான் கிடக்கிறது,
பார்த்துக்கொள் என்று வைத்துவிட்டுப்
போனவன் திரும்பி வந்து எடுக்காத மூட்டை.

அவனிடம் என்னுடையது என்ன இருக்கிறது?
மே மாதம் தெரிந்தது.
குடலிறக்கம் என்று மூன்று நாள் படுக்கவைத்தார்கள்.
கேஸ் வால்வு எந்தப் பக்கம் திரும்பும்,
மேல்வீட்டுக்காரியின் பெயர் என்ன,
கண்ணாடியை நான் கழற்றிவைக்கும் ஏழு இடங்கள்,
என் கோபம் உண்மையில் யார்மேல்,
எல்லாம் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்
மயக்கம் தெளியாமல் கிடந்தன.
மேல்வீட்டுக்காரியைப் படிக்கட்டில் பார்த்து
“வாங்க, வாங்க” என்றே சமாளித்தேன்.
படி இறங்கிக்கொண்டிருந்தவள் அவள்.

செயலி இதை எந்தக் கட்டத்தில் அளக்கும்?
அதற்கு ஒரு நேரத்தில் ஒரு மண்டைதான்.

ஞாயிறு, மால்மோவிலிருந்து மைத்தே அழைத்தாள்.
வழக்கம்போல் திரை உறைந்தது:
பாதி மூடிய கண், பாதி திறந்த வாய்,
அவளே பார்த்தால் அழித்துவிடும் படம்.
நாங்கள் இரண்டு பேரும்
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உயிர் வந்தபோது பக்கத்தில் அவள் மாமியார் குனில்லா.
ஏதோ கேட்டாள், மெதுவாக, எனக்காக.
இருநூற்றுப் பன்னிரண்டு நாள் படிப்பு.
தேடினேன், துழாவினேன்.
நாக்கு நுனிவரை வந்து நின்றது
ஒன்றே ஒன்று.
வேறு வழியில்லை, சொல்லிவிட்டேன்:
ஆந்தை என் செய்தித்தாளை வாசிக்கிறது.

மௌனம்.
நெட் போய்விட்டதென்றே நினைத்தேன்.
குனில்லா முகம் மாறாமல் ஒரு வாக்கியம் சொன்னாள்.
மைத்தே சிரிப்பை அடக்கியபடி மொழிபெயர்த்தாள்:
“அது படித்து முடித்ததும்
எனக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.”

அதன்பின் ஒரு மணி நேரம்
யாருக்கும் முழுசாகப் புரியாமல் பேசினோம்.
அன்றைய பாடத்தை மறந்தேபோனேன்.
நள்ளிரவில் செயலி அழும் முகம் அனுப்பியது:
உங்கள் தொடர் அறுந்துவிட்டது.
மறுபடி, நாள் ஒன்று.

வாசிக்கக் கண்ணாடி இல்லாமல்
திரையைக் கை நீட்டித் தூரப் பிடித்திருந்தேன்.
இருட்டில், போர்வைக்குள்ளிருந்து,
பாதித் தூக்கத்தில் வில்மார் சொன்னான்:
“ரொட்டி டப்பா மேல.”
நான் கேட்கக்கூட இல்லை.